கழிப்பவரும் கூட்டுபவரும்

1980 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் நின்றவர் போலந்தின் யெஜி குகுச்கா. ஆகஸ்டில் நின்றவர் தெற்கு டைரோலின் ரைனோல்ட் மெஸ்னர். மலை ஒன்றுதான். ஏறிய விதத்தில்தான் எத்தனை அழகான வேற்றுமை!

மெஸ்னரின் கலை கழித்துக்கொண்டே போவது. 1978இல் பீட்டர் ஹாபெலரோடு எவரெஸ்ட் ஏறியபோதே பிராணவாயு சிலிண்டரைக் கழித்துவிட்டார். 1980இல் துணையையும் கழித்தார். பருவமழைக் காலத்தில், ஒரு சிறு கூடாரத்தோடு, வடபக்கமாகத் தனியே கிளம்பினார். விடியுமுன்பே பனிப்பிளவில் விழுந்தார். பிழைத்தால் திரும்பிவிடுவது என்று உள்ளே கிடந்தபடி தீர்மானித்தவர், வெளியே வந்ததும் மேல்நோக்கியே நடந்தார். அதைவிட நான் ரசிப்பது மறுநாள் அவர் செய்ததை. நினைத்திருந்த முகட்டுப் பாதையில் பனி ஆழமாகக் கிடந்தது. அதோடு மல்லுக்கு நிற்காமல், வடமுகத்தின் குறுக்கே வெகுதூரம் நடந்து, வேறொரு பனிப்பள்ளத்தின் வழியே உச்சிக்கு வழி கண்டார். வீம்பு கலக்காத பிடிவாதம் அது.

குகுச்கா கூட்டுபவர். 8,000 மீட்டரைத் தாண்டிய 14 சிகரங்களில் லோட்சே நீங்கலாக மற்ற 13இலும் ஒன்று புதுப்பாதை, இல்லையேல் கடுங்குளிர்காலம். பயணச் செலவுக்காக ஆலைப் புகைபோக்கிகளில் கயிற்றில் தொங்கி வண்ணம் அடித்தார். 1981இல் மகாலுவில் புதுவழியாகத் தனியே ஏறி, மகனின் விளையாட்டுப் பொம்மையை உச்சியில் விட்டு வந்தார். அவர் ஏறினார் என்பதையே சிலர் நம்பவில்லை. மறு ஆண்டு கொரிய வீரர் ஒருவர் அங்கே அந்தப் பொம்மையைக் கண்டெடுத்தார். ஒரு தகப்பன் வைத்த பொம்மை சாட்சி சொன்னது!

14ஐயும் முதலில் முடித்தவர் மெஸ்னர். 1970இல் தொடங்கி 1986இல் முடித்தார். குகுச்காவுக்கு எட்டு ஆண்டுகூட ஆகவில்லை, 1987இல் முடித்தார். நீங்கள் இரண்டாமவர் அல்ல, மகத்தானவர் என்று அவருக்குச் செய்தி அனுப்பியவர் மெஸ்னரேதான். அவரைத் தவிர வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்தச் சொல்லுக்கு இத்தனை எடை வந்திராது.

இருவரின் குணத்தையும் ஒருசேரக் காட்டுவது லோட்சேயின் தெற்குமுகம். அன்றுவரை எவரும் உச்சிவரை ஏறாத பிரம்மாண்டச் சுவர். 1989 வசந்தத்தில் மெஸ்னர் தலைமையிலான குழு அங்கே முயன்று திரும்பியது. அக்டோபரில் குகுச்கா போனார். உச்சிக்குச் சற்றுக் கீழே தவறி விழ, மெல்லிய கயிறு அறுந்தது. திரும்பி வரத் தெரிந்த மெஸ்னரை அறிவு மெச்சுகிறது. என் மனம் மட்டும் குகுச்காவின் பக்கமே சாய்கிறது.