'வெயிட்' என்றொரு கட்டளை

ஹீமோகுளோபின் அசைவதைக் கைமெரா-எக்ஸ் மென்பொருளில் படமாக்கப் பத்துப் பதினைந்து வரிக் கட்டளைகள் போதும். ஆக்சிஜன் இல்லாத வடிவத்தையும் ஆக்சிஜனை ஏற்றுக்கொண்ட வடிவத்தையும் புரதத் தரவு வங்கியிலிருந்து திறந்து 'மார்ஃப்' என்றால், இடைநிலைகளை அதுவே நிரப்பித் தரும். நான்கு சங்கிலிகளில் ஒரு ஜோடி மற்ற ஜோடிக்கு எதிராகச் சுமார் 15 பாகை திரும்பும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலித்ததில்லை.

எனக்குப் பிடித்த கட்டளை 'வெயிட்'. சட்டகத்துக்கு 2 பாகை வீதம் 180 சட்டகங்கள் சுழற்றினால் ஒரு முழுச் சுற்று. நொடிக்கு 25 சட்டகம் என்றால் 7.2 நொடி. அடுத்த வரியில் 'வெயிட் 180' இல்லையென்றால், ஆலாபனை முடியுமுன் மிருதங்கம் புகுந்ததுபோல அடுத்த காட்சி உள்ளே வந்துவிடும். நல்ல படத்துக்கும் அவசரப் படத்துக்கும் வித்தியாசமே அந்த ஒரு வரிதான்.

மார்ஃபில் அளந்து அறிந்தவை இரு முனைகள் மட்டுமே, நடுவிலிருப்பது கணிப்பு என்று பார்ப்பவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். அந்த முனைகளும் எளிதில் கிடைத்தவையல்ல: ஹீமோகுளோபினின் அமைப்பைக் காண மேக்ஸ் பெருட்ஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1962-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஆக்சிஜன் ஏறும்போது, அதைப் பிடிக்கும் இரும்பணு தன்னைச் சூழ்ந்த ஹீம் வளையத்தின் தளத்துக்குள் நகர்வது அரை ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவு. அந்த இடத்தில் மட்டும் நான் சட்டகங்களைக் கூட்டிவிடுவேன்.