மயிலாப்பூர் பத்திரமும் யாழ்ப்பாண உறுதியும்

எங்கள் மயிலாப்பூர் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டுவது என்று முடிவானதும் புரமோட்டரின் வக்கீல் மூலப்பத்திரம் கேட்டார். பெரியப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த முத்திரைத்தாள் முதல் கடைசி விடுதலைப் பத்திரம் வரை கூடத்து ஊஞ்சலில் வரிசையாகப் பரப்பினேன். மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அக்கா, அட்வான்ஸ் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்க இறங்கி வந்தவர், நின்று ஒவ்வொரு தாளாகக் குனிந்து படித்தார்.

"வாங்கினது ஆம்பிளை, பிரிச்சது ஆம்பிளை, அடைவு வைச்சது ஆம்பிளை. ஏன் தம்பி, இந்த வீட்டில பொம்பிளையள் ஒருத்தரும் இருக்கேல்லையோ?"

இருந்தார்கள், கடைசித் தாளில். என் அத்தைகள் இருவரும் தங்களுக்குள்ள பாத்தியதையைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்து எழுதிய பத்திரம் அது. கையெழுத்துப் போட்ட அன்று ஆளுக்கொரு பட்டுப்புடவை வாங்கிக் கொடுத்ததாக வீட்டில் இன்னமும் பெருமையாகச் சொல்வார்கள். நூறு வருஷத்து வீட்டில் பெண் பெயர் ஒரே ஒரு தடவை வந்தது, அதுவும் வெளியே போவதற்காக.

அக்காவிடம் இருந்தது பத்திரம் அல்ல, உறுதி. அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் எழுத்தர் எழுதும் தாள் அன்று. நொத்தாரிசு எழுதி, சாட்சி வைத்து, ஒப்பமிடும் உறுதி. தெல்லிப்பழைப் பக்கம் ஆறு பரப்புக் காணி, அதில் நடுமுற்றம் வைத்த ஒரு நாற்சார் வீடு. அம்மம்மாவின் தாய் அம்மம்மாவுக்கு, அம்மம்மா அம்மாவுக்கு, அம்மா இவருக்கு என்று அடுத்தடுத்துச் சீதனமாக வந்தது. ஒவ்வொரு உறுதியிலும் காணிக்கு ஒரு பெயர் இருக்கிறது. எல்லை, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை எல்லாம் இருக்கின்றன. நம் ஊர்ப் பத்திரத்தில் பழைய கதவிலக்கம், புதிய கதவிலக்கம், சர்வே எண். ஒரு பரப்பு நம்முடைய 2400 சதுர அடி கிரவுண்டை விடக் கொஞ்சம் பெரியது. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்.

பழைய வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் (நானும் எழுதியிருக்கிறேன்) யார் யார் குடியிருந்தார்கள் என்று பட்டியல் போடுவதோடு நிறுத்திவிடுகிறோம். கதீட்ரல் சாலை வீடு ஒன்றுக்கு இப்படி ஒரு புகழ்பெற்ற பட்டியல் உண்டு. உரிமையாளர் கஸ்தூரிரங்க அய்யங்கார், குடியிருந்தவர் ராஜாஜி, 1919 மார்ச்சில் விருந்தாளியாகத் தங்கியவர் காந்தி, அவரைப் பார்க்க நேரே உள்ளே நுழைந்தவர் பாரதி. வீடு போய் நட்சத்திர ஓட்டல் வந்துவிட்டது. வாசலில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது, நான்கு பெயரும் நிலைத்துவிட்டன. ஆனால் ஒரு வீட்டில் யார் பெயர் நிற்கும் என்பது, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. அந்த இடத்தில்தான் மயிலாப்பூரும் யாழ்ப்பாணமும் பிரிகின்றன.

யாழ்ப்பாணத்தில் இதற்கு எழுதிய சட்டமே உண்டு. டச்சு ஆளுநர் சைமன்ஸ் கேட்டுக்கொண்டபடி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி ஊர் வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைச் சரிபார்த்தார்கள். 1707-இல் தேசவழமை உருவானது. ஆங்கிலேயர் 1806-இல் அதை அப்படியே ஏற்றார்கள். சொத்தை அது முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரிக்கிறது. முன்னோர் வழி வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம், தம்பதியர் சேர்ந்து சேர்த்தது தேடியதேட்டம். சீதனம் வாங்கிய மகளுக்கு மற்றச் சொத்தில் பேச்சில்லை. ஆகவே வாங்கும்போதே வீடாக வாங்கிவிடுவது நல்லது என்பது ஊர்க் கணக்கு. கிழக்கில் மட்டக்களப்புப் பக்கம் இது இன்னும் அழுத்தமானது. அங்கே தமிழரானாலும் முஸ்லிமானாலும் பெண்ணுக்கு வீடு கட்டாமல் கல்யாணப் பேச்சு நகராது.

நம் பக்கம் இது அறவே இல்லை என்று சொல்ல முடியாது. காயல்பட்டினத்தில் இன்றும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போகிறார். பழைய தமிழ்நாட்டில் மஞ்சள்காணி என்று மகளுக்கு நிலம் எழுதிவைத்தார்கள். மஞ்சள் செலவுக்கு என்று பெயர். ஆனால் குடியிருக்கும் வீட்டை யாரும் மஞ்சள் செலவுக்குக் கொடுக்கவில்லை. 'வீட்டோட மாப்பிள்ளை' என்று சொல்லும்போது நம் வாயில் வரும் அந்த மெல்லிய ஏளனமே போதும். அக்காவின் கணவர் மனைவியின் தாய்வீட்டில் முப்பது வருஷம் இருந்தவர், அதைச் சொல்ல அவருக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை.

மயிலாப்பூர்ப் பெரிய வீடுகளில் மகள் வழியாக வீடு போக வேண்டிய கட்டாயம் வந்தால் என்ன செய்தார்கள்? பேரனை மகனாக்கிக்கொண்டார்கள். லஸ் ஹவுஸ் இதற்கு அழகான சாட்சி. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சிபாபு நாயுடு (1868–1908) அந்த வீட்டுக்கு உரியவரானது, தாய்வழித் தாத்தா மோதவரப்பு டேரா வெங்கடசாமி நாயுடு அவரைச் சுவீகாரம் எடுத்ததால். அவருடைய மகன்களில் ராமசுவாமி மட்டும் 'கோட்டா' என்ற வேறு குடும்பப் பெயர் கொண்டவர். காரணம் அதேதான், அவரையும் அவருடைய தாய்வழித் தாத்தா சுவீகாரம் எடுத்துக்கொண்டார். 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ், 1936-இல் நாற்பது வயதில் இங்கிலாந்தில் டெஸ்ட் கிரிக்கெட் என்று இரண்டிலும் நாட்டுக்கு ஆடிய அபூர்வ மனிதர். 1985 அக்டோபரில் அடையாறு வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அவரைப் பார்த்தவர் இல்லை. இரண்டு தலைமுறையிலும் சொத்து போன வழி ஒரு பெண் வழிதான். நடுவில் நின்ற தாயின் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைப் பலர் மறந்திருப்பார்கள். குடும்பம் வசிக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஆண் வாரிசுகள் பிரிக்க நினைக்கும் வரை அவள் பிரிக்கச் சொல்ல முடியாது. கல்யாணமாகாதவள், கைவிடப்பட்டவள், விதவை என்றால் வந்து தங்கிக்கொள்ளலாம். தமிழ்நாடு 1989-இலேயே, அதுவரை மணமாகாத மகள்களைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்காளியாக்கியது. ஆனாலும் 23-ஆம் பிரிவு 2005 வரை இருந்தது. என் அத்தைகளுக்குப் புடவை கிடைத்த காலம் அதற்கு முந்தியது.

இதைப் படித்துவிட்டு யாழ்ப்பாணம் பெண்களின் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1911-இல் வந்த கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் சீதன வீட்டையே கணவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. பெயர் அவளுடையது, பேனா அவருடையது. வீடு, நகை தவிர மாப்பிள்ளை வீட்டார் 'டொனேசன்' என்று ரொக்கமும் கேட்பார்கள். அது பெரும்பாலும் அந்த மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாகப் போகும். தங்கைகள் கரை சேரும் வரை தலை நரைத்தும் கல்யாணம் ஆகாத அண்ணன்மார் எத்தனை பேர். மலேயா ரயில்வே, கொழும்புக் குமாஸ்தா வேலை, பிறகு லண்டன், டொரன்டோ என்று அவர்கள் உழைத்த பணம்தான் அங்கே சுவரும் ஓடுமாக நிற்கிறது. அந்த அண்ணன்களின் பெயர் எந்த உறுதியிலும் வராது. எங்கள் பத்திரத்தில் அத்தைகள் எப்படியோ, அங்கே அண்ணன்கள் அப்படி.

விற்பதிலும் வித்தியாசம் உண்டு. தேசவழமையின் கீழ் பங்கு வைத்திருப்பவர் விற்க வேண்டுமானால் முதலில் மற்றப் பங்காளிக்கும் வாரிசுகளுக்கும் சொல்ல வேண்டும். வாங்குவதில் அவர்களுக்கே முன்னுரிமை. 1947-இல் இதற்குத் தனிச் சட்டமே போட்டார்கள். அந்நியன் உள்ளே வருவது கடினம். சென்னையில் நிலைமை நேரெதிர். நான்கு அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்ளாத வீட்டை ஒன்றுசேர்க்கக் கூடியவர் புரமோட்டர் ஒருவர்தான். முற்றம், ரேழி, தாழ்வாரம் என்றிருந்தது பிரிக்கப்படாத பங்கு, கார்ப்பெட் ஏரியா, கவர்டு பார்க்கிங் ஆகிவிடும். 1920-களில் ஏரியை வற்றவைத்து மனை போட்ட தியாகராய நகரில் தனி வீடுகள் இப்படித்தான் ஒவ்வொன்றாக உயர்ந்தன. தாத்தா பெயரில் இருந்த இல்லம் இப்போது 'அபார்ட்மென்ட்ஸ்', லிஃப்டுக்குப் பக்கத்தில் சின்னப் பலகை.

சென்னையில் தாயும் மகளுமாக உண்டான ஒரு வீட்டை எல்லாரும் அறிவோம். போயஸ் தோட்டத்து வேதா நிலையம். 1967-இல் வாங்கிய மனை. தாய் வேதவல்லி (சந்தியா) 1971-இல் இறந்தார், அடுத்த ஆண்டு ஜெயலலிதா குடிபுகுந்தார். வீட்டுக்குத் தாயின் பெயர். நினைவிடமாக்க அரசு கையகப்படுத்தியதை 2021 நவம்பரில் உயர்நீதிமன்றம் ரத்து செய்ய, சாவி அண்ணன் பிள்ளைகளிடம் போயிற்று. அண்ணன் மகள், அண்ணன் மகன் இருவரிடமும்.

அக்காவின் வீடு 1990-இல் ராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. யாழ்ப்பாண நகரத்துக்கு இடம்பெயர்ந்தார். 1995 அக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி வலிகாமமே ஊரைவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது உறுதிகளைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தார். பிறகு சென்னை, எங்கள் மாடி. பல வருஷம் கழித்துக் காணி விடுபட்டபோது போய்ப் பார்த்தார். வாசலில் சங்கடப்படலை இல்லை, கூரை இல்லை, சுவர் இல்லை; கிணற்றுக் கட்டு மட்டும். கிணற்றை வைத்துத்தான் முற்றம் எங்கே இருந்தது என்று அளந்தாராம். இடையில் வேறு யாராவது பத்து வருஷம் இருந்து பாத்தியதை கொண்டாடினால்? அதற்காக 2016-இல் தனிச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையிலான போர்க்கால ஆண்டுகள், திரும்ப முடியாமல் போனவர்களுக்கு எதிராக எண்ணப்படாது என்றது அது.

இல்லாத வீட்டை இப்போது டொரன்டோவில் இருக்கும் மகளுக்கு எழுத வேண்டும் என்கிறார். மகளுக்கு அதில் நாட்டமில்லை. "அவளுக்கு வேண்டாம் எண்டால் அவளின்ர மகளுக்கு எழுதட்டும், தம்பி. நான் என்ர கையால பெடியன்களுக்கு எழுதேலாது."

எங்கள் கதைக்கு வருகிறேன். புரமோட்டரின் வக்கீல் ரொம்ப ஜாக்கிரதையான ஆள். பழைய விடுதலைப் பத்திரம் இருந்தாலும், உயிரோடிருக்கும் அத்தை சம்மதக் கையெழுத்துப் போட்டால் பிற்பாடு வில்லங்கம் வராது என்றார். எண்பத்திரண்டு வயது அத்தையை ஆட்டோவில் அழைத்து வந்தோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"மறுபடியுமாடா? போன தடவை புடவையாவது குடுத்தா."