நிதானமும் நல்வாழ்வும்: ‘இவான் இலியீச்சின் மரணம்’ பற்றிய ஒரு நோக்கு

நல்வாழ்வு எது என்னும் வினா தத்துவத்திற்குரியது. அவ்வினாவை ஒரு மனிதன் எந்நிலையில் தன்னிடமே கேட்கத் துணிகிறான் என்பது இலக்கியத்திற்குரியது. லியோ தோல்ஸ்தோய் 1886 இல் வெளியிட்ட ‘இவான் இலியீச்சின் மரணம்’ என்னும் குறுநாவல் இப்பொருளையே எடுத்துக்கொள்கின்றது. நோயும் மரணமும் மனிதனுக்கு ஞானம் தருகின்றன என்பதே இப்படைப்புக்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். அது போதுமானதா என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதைநாயகன் தீயவன் அல்லன். 1864 ஆம் ஆண்டு நீதித்துறைச் சீர்திருத்தத்தோடு முன்னுக்கு வந்த உத்தியோகத்தருள் ஒருவன், கடமை தவறாதவன். எந்த வழக்கையும் அதன் மனிதச் சார்பினின்று பிரித்துத் தாளில் அடங்கும் வடிவத்துக்குக் கொண்டுவருவதே அவனது திறமை. ஐயாயிரம் ரூபிள் சம்பளமுள்ள பதவி கிடைத்ததும் புதுவீட்டை அலங்கரிக்கிறான். திரைச்சீலை தொங்கவேண்டிய முறையைக் காட்ட ஏணியில் ஏறியவன் கால் தவறி, யன்னற் சட்டத்தின் பிடியில் விலாவை மோதிக்கொள்கிறான். நோய் அவனைப் பற்றுகிறது. புகழ்பெற்ற வைத்தியர் ஒருவர் அவனைப் பரிசோதிக்கையில், குற்றஞ்சாட்டப்பட்டோரைத் தான் நோக்கிய அதே தோரணையில் அவர் தன்னை நோக்குவதை உணர்கிறான். உயிருக்கு ஆபத்துண்டா என்பது அவனது கேள்வி. பிழை சிறுநீரகத்திலா குடல்வாலிலா என்பதே வைத்தியரின் வழக்கு.

நாவலின் கட்டமைப்பு ஈண்டு நோக்கத்தக்கது. பன்னிரண்டு அத்தியாயங்களுள் முதலாவது, மரணத்தின் பின் தொடங்குகிறது. செய்தியறிந்த சக உத்தியோகத்தரின் மனம் இடமாற்றங்களையும் பதவியுயர்வுகளையும் கணக்கிடுகிறது. அடுத்த இரு அத்தியாயங்களில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஓடிமறைகின்றன. அதன்பின் மாதங்கள், வாரங்கள், ஈற்றில் மூன்று நாட்கள் எனக் கதையின் காலம் ஒடுங்கிச் செல்கின்றது.

ஆயின் காலம் மெதுவாதல் வேறு, நிதானம் வேறு. நோயுற்ற பின்னரும் நெடுங்காலம் அவன் வைத்தியர்களை மாற்றுவதிலேயே ஈடுபடுகிறான். மனிதர் இறப்பவர் என்ற அளவையியற் பாடம் பாடநூலிலுள்ள காயஸுக்குப் பொருந்துமேயன்றித் தனக்குப் பொருந்தாது என வாதிடுகிறான். தன் வாழ்வு முழுவதுமே பிழையோ என்ற ஐயம் எழும்போதெல்லாம், முறைப்படியே வாழ்ந்தேன் என்ற சமாதானத்தால் அதனை அடக்குகிறான். நோய் அவனுக்கு அளித்தது அவகாசம் மட்டுமே. தன் சார்பில் தானே வழக்குரைப்பதை அந்த நீதிபதி கைவிடும்போதுதான் தெளிவு பிறக்கின்றது. அப்போதுதான் கட்டிலருகே அழும் மகனும் அவன் கண்ணுக்குப் புலனாகிறான்.

நிதானம் ஓய்வுமன்று என்பதைப் பணியாள் கெராசிம் வாயிலாக உணரலாம். விறகு பிளக்கும் அவ்விளைஞனுக்கு ஓய்வேது? எனினும் நோயாளி இறக்கப்போகிறான் என்ற உண்மையை மறைக்காது, அருவருப்பின்றிப் பணிசெய்பவன் அவன் ஒருவனே. நல்வாழ்வை அவன் சிந்தித்துத் தேடவில்லை, செயலில் கொண்டிருக்கிறான்.

படைப்பின் குறைபாடும் இவ்விடத்திலேயே வெளிப்படுகின்றது. எசமானின் கால்களைத் தோளில் தாங்கியவாறு கெராசிம் இரவுகளைக் கழிக்கிறான். எசமானுக்குக் கிடைத்த சிந்தனைப் பொழுது அப்பணியாளின் உழைப்பினாலும் வாய்த்தது. ஆனால் அவனது களைப்பையோ, தன் வாழ்வைப் பற்றி அவன் கொண்ட எண்ணத்தையோ ஆசிரியர் விரித்துரைக்கவில்லை. உழவர் குலத்தவனின் நற்பண்பை வியந்த தோல்ஸ்தோய், அவனுக்கும் ஓர் அகவாழ்வு உண்டென்பதை எழுதாது விட்டார். நல்வாழ்வு பற்றி வினவும் உரிமை பிறர் உழைப்பில் ஓய்வு பெற்றோர்க்கு மட்டுமே உரியதாகலாமா என்ற கேள்வியை நாவல் எழுப்புகிறது, விடை கூறவில்லை.

பரீட்சை, நியமனம், பதவியுயர்வு என்ற படிவரிசையில் காலெடுத்து வைக்கும் பல்கலைக்கழக மாணவருக்கு இவான் இலியீச் அந்நியன் அல்லன். அவனுடைய பயிற்சியே நமது பயிற்சியும்: எதனையும் தாளுக்குரிய வடிவிற் சுருக்குதல். இந்நாவலையும் விடைத்தாளுக்குரிய ஒரு வழக்கேடாகப் படித்து முடித்துவிட நம்மால் இயலும். அவ்வாறு படிப்போமாயின், அந்த வைத்தியரின் ஆசனத்திலேயே நாமும் அமர்ந்திருப்போம்.