திசை மாற்றிய மோட்டாரும் ஏறும் சூடும்

காயலான் கடையில் கிடைக்கும் சிறிய சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை வாங்கிவந்து, சுற்றும் திசையை மாற்றி, வேறொரு வேலைக்குப் பூட்டிக்கொள்வது நம் பட்டறைகளில் பழகிய வழக்கம். இதைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் வயரிங்கைத்தான் சொல்கிறார்கள். வயரிங் இதில் எளிய பகுதி. மோட்டாரைத் தின்பது சூடு.

ரன்னிங் காயில், ஸ்டார்ட்டிங் காயில் இரண்டில் ஏதாவது ஒன்றின் முனைகளை மட்டும் இடம் மாற்றினால் திசை மாறிவிடும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் இரண்டும் சேர்ந்தே மாறுவதால் ஒன்றும் நடக்காது. நான்கு முனைகளும் வெளியே இருந்தால் இது சில நிமிட வேலை; காயிலைத் தொடவே வேண்டாம், இழுவையும் குறையாது. மலிவும் எளிமையும் சேர்ந்த இந்த முறையைப் பழிக்கக் காரணமில்லை.

மூன்று வயர் மட்டும் வெளியே வரும் மோட்டாரில்தான் சறுக்குகிறார்கள். வாஷிங் மெஷின் மோட்டாரில் இரண்டு காயிலும் ஒரே கம்பி, ஒரே சுற்று. அதனால் கண்டன்சருக்கு எந்தப் பக்கம் சப்ளை கொடுக்கிறோமோ அதற்கேற்ப அது இடமும் வலமும் சுற்றுகிறது. அதே வித்தையைப் பம்ப் மோட்டாரில் காட்டினால் அதுவும் எதிர்த்திசையில் சுற்றத்தான் செய்யும். ஆனால் அதன் ஸ்டார்ட்டிங் காயில் பெரும்பாலும் வேறு கம்பியில், வேறு கணக்கில் கட்டப்பட்டது. நேர் சப்ளையில் நாள் முழுக்க ஓட அது பிறக்கவில்லை. இழுவை குறையும், காயில் காயும். உள்ளே இருக்கும் பொது முனையைப் பிரித்து நான்கு வயராக்குவதே ஒழுங்கான வழி. வார்னிஷைச் சுரண்டும் அலுப்பு வேலை என்பதால் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். சாணை மோட்டாரில் இன்னொரு ஆபத்தும் உண்டு: கல்லை இறுக்கும் நட்டின் மரை திசைக்கேற்ப வெட்டப்பட்டது, திசை மாறினால் நட்டு கழன்று கல் பறக்கும். அங்கே திசையில் கை வைக்கவே கூடாது.

இனி காற்று. பின்முனை விசிறியின் இலைகள் நேராக நின்றால் எந்தத் திசையும் அதற்கு ஒன்றுதான். இலைகள் வளைந்தோ சாய்ந்தோ இருந்தால் எதிர்த்திசையில் காற்று குறையும், அல்லது தவறான பக்கமிருந்து இழுக்கும். மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. உடைந்த ஃபேன் கவரைத் தூக்கி எறிவது அதைவிட மோசம். உடம்பின் வரிகளோடு காற்றை ஓட்டுவது அந்தக் கவர்தான். அது இல்லாவிட்டால் காற்று பக்கவாட்டில் சிதறிப்போகும். உடம்பில் துளை போடுவதையும் நான் ஏற்கமாட்டேன். இரும்புத் தூள் பறக்கும் இடத்தில் அது காயிலுக்கே வழி திறந்துவிடும்.

கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் விசிறியைப் பின்னால் பொருத்துவது இவற்றில் நல்ல யோசனை. ஷாஃப்ட் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் சுற்றினாலும் காற்று மாறாது. அடிக்கடி முன்னும் பின்னும் திருப்பும் வேலைக்கு இது மிகவும் பொருந்தும்; ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ஓட்டக் கரண்டைப் போலப் பல மடங்கு காயிலில் பாய்கிறது, அப்போது சொந்த விசிறியோ மெதுவாகத்தான் நகர்கிறது.

ஆனால் வெளியிலிருந்து ஊதும் விசிறி கையை ஏமாற்றும். உடம்பு குளிர்ந்திருக்க, உள்ளே காயில் கொதித்துக்கொண்டிருக்கலாம். விசிறி இல்லாத மோட்டாரிலோ நேர்மாறு: 70 டிகிரி உடம்பில் கை வைக்க முடியாது, ஆனால் 130 டிகிரி தாங்கும் பி வகுப்பு இன்சுலேஷனுக்கு அது பெரிதல்ல. தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் இரண்டு பக்கமும் தவறுகிறது. மல்டிமீட்டர் போதும். 30 டிகிரியில் 10 ஓம் காட்டிய செம்புக் காயில், ஒரு மணி நேரம் சுமையோடு ஓடி சப்ளையைத் துண்டித்ததும் 13 ஓம் காட்டினால், அதன் சராசரிச் சூடு ஏறக்குறைய 109 டிகிரி. 14 ஓம் காட்டினால் 136. அந்த மோட்டாரின் சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது வேறு மோட்டார் தேட வேண்டும்.