யார் உட்காரலாம்?

ஜப்பானின் ‘இஸகாயா’ என்ற பெயரில் ‘இ’ என்பது இருத்தல்; ‘ஸகாயா’ மதுக்கடை. எடோ காலத்தில் மது வாங்க வந்தவர்கள் கடையிலேயே உட்கார்ந்து குடித்ததில் உருவான இடம்.

நம்ம கொங்குக் கிராமங்களிலோ உட்காருவதே சாதிப் பிரச்சினை. டீக்கடை பெஞ்சு ஒருவருக்கு, தரை இன்னொருவருக்கு. இரட்டைக் குவளையை எதிர்த்தால் தலித்துக்குக் காகிதக் கப் நீட்டுவார்கள், தீண்டாமை நவீனமாகிவிடும்.

2003 முதல் அரசே சில்லறையில் மது விற்கிறது. கோவையில் ஒரு டாஸ்மாக் பாரில் சாயங்காலம் நுழைகிறேன். ‘உக்காருங்ணா’ என்கிறார் ஒருவர்; சாதி கேட்கவில்லை. இதைத்தான் நம் எழுத்து விடுதலையின் வெளி என்று கொண்டாடுகிறது. அந்த மேசையில் பெண் இல்லை. இரவு காந்திபுரத்தில் பஸ் ஏறி அவரவர் ஊர் திரும்புகிறோம். அங்கே பெஞ்சு அப்படியேதான் கெடக்குது. போதை தெளிந்த காலையில் அதில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறோம்? நம் விமர்சனம் அங்கிருந்து தொடங்கட்டும்.