ஒரே வயது, இரு வழிகள்

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004ஆம் ஆண்டில் வெளிவந்த நாவல். மணமான மகளிரின் மனத்துயரைக் கூறும் நூல் என்றே அதனைப் பலரும் அறிவர். அதனினும் நாம் ஊன்றி நோக்கத்தக்கது, ராபியா என்னும் சிறுமி பருவ வாசலை நெருங்கும் பகுதியாகும்.

பெரியவர்களின் பேச்சைப் பாதி கேட்டு, மீதியைத் தானே ஊகித்துக்கொள்ளும் பிள்ளை அவள். அவளைச் சூழ்ந்து தடைகள் ஒவ்வொன்றாய் எழுவதை ஆசிரியை ஆரவாரமின்றிக் காட்டுகிறார். இது வெறுங்கற்பனை அன்று. துவரங்குறிச்சியில் பிறந்த அவரும் பருவமெய்திய வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவரே.

குழந்தைப் பருவத்தில் மனச்சோர்வு இருபாலாரிடமும் ஏறத்தாழ ஒத்திருக்கிறது என்றும், பதின்பருவத்தின் நடுவில் பெண்பிள்ளைகளிடம் ஏறக்குறைய இருமடங்காகிறது என்றும் உளவியலார் கூறுவர். ஆண்பிள்ளையின் நெருக்கடி பெரும்பாலும் கோபமாகவும் கட்டுமீறலாகவும் வெளியே பாய்கிறது; பெண்பிள்ளையுடையதோ உள்ளேயே உறைகிறது. இதற்கு உடல் மாற்றம் மட்டுமே காரணமன்று என்பதை இந்நாவல் உணர்த்துகிறது. பருவமெய்தியதும் தொழுகையும் நோன்பும் இருவர்க்கும் ஒருசேரக் கடமையாகின்றன. ஊர் வழக்கமோ பள்ளிக் கதவை ஒருத்திக்கு மட்டுமே அடைத்தது.

குறை ஒன்றுண்டு. பெண்களின் நெஞ்சில் இத்துணை ஆழம் இறங்கிய எழுத்து, ஆண்களின் உள்ளத்துள் அவ்வளவாக நுழையவில்லை. அழுதால் ஏளனம் செய்யப்படும் சிறுவன் எவ்வாறு அதிகாரம் செலுத்தும் தந்தையாகிறான் என்ற வினாவுக்கு இங்கே விடையில்லை.

ஆயினும், பதின்வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் அவசியம் படிக்க வேண்டிய நூல் இது. மகளின் மௌனத்தை அடக்கமென்று எண்ணி மகிழுமுன், அது அச்சமோ என்று ஒருமுறை கேட்கத் தூண்டுமாயின், அதுவே இந்நாவலின் வெற்றி.