இரண்டாம் வருகையில் தெரியும் கை

பியானோ உலகத்திலும் தரவரிசை, நடுவர் குழு, பரிசு, தோற்றவர் புலம்பல் எல்லாம் உண்டு. 1938ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த இஸாயி போட்டியில் 21 வயது எமில் கிலெல்ஸ் முதலிடம் பிடித்தார். ஒடெஸாவில் பிறந்து மாஸ்கோவில் பட்டை தீட்டப்பட்டவர். அதே போட்டியில் ஏழாவதாக வந்த இத்தாலிய இளைஞர் ஆர்த்தூரோ பெனெதெத்தி மைக்கேலாஞ்செலி மறு ஆண்டே ஜெனீவாவில் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். பின்னாளில் இருவருமே ஜாம்பவான்கள். ஏழாம் இடத்தைப் போட்ட நடுவர்கள் எதைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள் என்று இன்றுவரை விவாதம் ஓய்ந்தபாடில்லை.

வேகத்தைப் பார்த்திருக்க முடியாது. அந்த மட்டத்தில் எல்லோருக்கும் விரல் ஓடும். நம்மூரில்தான் அது பெரிய விஷயம். சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் 10 லட்சம் டாலர் வென்றபோது நாடே பேசியது அவன் வாசித்த வேகத்தைத்தான். அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சொனாட்டாவை எடைபோட வேகமானி உதவாது. அதற்கு என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான்: முதல் மெட்டு இரண்டாம் முறை திரும்பி வரும் இடத்தில் வாசிப்பவர் என்ன செய்கிறார்?

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. சரணம் முடிந்து பல்லவிக்கு வரும்போது எடுப்பு சரியாக விழுகிறதா என்று சபையே காத்திருக்கும். வித்தியாசம் என்னவென்றால், நம் கீர்த்தனையில் ஆதார சுருதி அசையாது. சொனாட்டாவில் சுருதியே இடம் மாறும். முதல் மெட்டு சொந்த சுருதியில் வரும். அடுத்த மெட்டு வேறு சுருதிக்குத் தாவிவிடும். நடுப்பகுதி எங்கெங்கோ அலையும். பிறகு முதல் மெட்டு திரும்பும்போது சொந்த சுருதியும் திரும்ப வேண்டும். போன தடவை வெளியே தங்கிய இரண்டாம் மெட்டும் இந்தத் தடவை அதே சுருதிக்குள் வந்தாக வேண்டும். கிட்டத்தட்ட இரண்டரை நூற்றாண்டாக ஐரோப்பியப் பியானோ இசையைத் தாங்கி நிற்கும் சட்டகம் இதுதான். அந்தத் திரும்பலைப் பெரிய இசையமைப்பாளர்கள் யாரும் வெறும் நகலாக எழுதவில்லை.

எங்கள் பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை ஒட்டிய அடுக்ககங்களில் சாயங்காலம் நடந்தால் இதை நேரிலேயே கேட்கலாம். பாதி வீட்டில் கீபோர்டு. கிரேடு தேர்வு நெருங்கிவிட்டால் ஜன்னலுக்கு ஜன்னல் கிளெமென்டி. 1797ல் வெளியான அந்த இசையமைப்பாளரின் ஓபஸ் 36 தொகுப்பின் முதல் சொனாட்டினா, சி மேஜர். முதல் பகுதி மொத்தமே 38 பார்கள் (தாளக் கட்டங்கள்). பியானோ கற்கும் பிள்ளைகளில் அதைத் தொடாமல் தாண்டிப் போனவர்கள் குறைவு. ‘சின்னப் பிள்ளைகள் பாட்டு’ என்று பெரியவர்கள் ஒதுக்குவார்கள். ஆனால் 24ஆம் பாரில் கிளெமென்டி என்ன செய்கிறார் பாருங்கள். முதல் மெட்டு திரும்புகிறது, ஒரு ஸ்தாயி கீழே. தொடக்கத்தில் துள்ளிக்கொண்டு வந்த அதே ஸ்வரங்கள் குரல் உடைந்த பையனைப் போலத் தணிந்து வருகின்றன. அதற்குச் சற்று முன் நடுப்பகுதி சி மைனரின் நிழலுக்குள் போய்வந்திருக்கிறது. அந்த நிழல் பட்டதால்தான் இந்தத் தணிவு.

கீழ்த்தளத்து வீட்டில் ஒரு சிறுமி அந்த இடத்தைத் தாண்டுவதை மாடிப்படியில் நின்று கேட்டேன். 23ஆம் பார் வரை ஒழுங்காக வந்தவள், தெரிந்த மெட்டு கண்ணில் பட்டதும் ஓட்டமெடுத்தாள். டீச்சர் நிறுத்தினார்.

“ஏன் இங்க ஓடற?”

“இது முதல்லயே வாசிச்சதுதானே மிஸ்.”

“அப்ப ஏன் அவர் கீழ எழுதியிருக்காரு?”

சிறுமியிடம் பதில் இல்லை. மறுபடி வாசித்தாள், கொஞ்சம் மெதுவாக. மெதுவாக வாசிப்பது பதிலாகாது. ஆனால் கேள்வி காதில் விழுந்துவிட்டது. மேடை ஏறிய பலருக்கு அந்தக் கேள்வியே விழுந்ததில்லை என்பது என் புகார்.

மொசார்ட் இதைவிடக் குறும்புக்காரர். 1788 ஜூனில் தன் குறிப்பேட்டில் ‘தொடக்கநிலையாளர்களுக்கு’ என்று எழுதி வைத்த சி மேஜர் சொனாட்டா, கே. 545. முதல் மெட்டு திரும்பி வருகிறது, ஆனால் சி மேஜரில் அல்ல, எஃப் மேஜரில். மெட்டு வந்துவிட்டது, சுருதி இன்னும் வரவில்லை. கேட்பவர் ‘சரி, முடிவுக்கு வந்தாச்சு’ என்று சாய்ந்து உட்காரும்போது காலுக்கடியில் தரை வேறாக இருக்கிறது. பயிற்சிப் பாடமாக மட்டும் வாசித்தால் இந்தக் குறும்பு யாருக்கும் தெரியாமல் போய்விடும். பேத்தோவன் அதை மிரட்டலாக்கினார். ஓபஸ் 57, ‘அப்பாஸியொனாட்டா’வின் முதல் பகுதியில் எஃப் மைனர் மெட்டு திரும்பும்போது அடியில் தாழ்ந்த ‘சி’ ஸ்வரம் விடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. வீடு வந்துவிட்டது, ஆனால் கதவை யாரோ உள்ளிருந்து தட்டுகிறார்கள்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் திரும்பும் கலையில் இருபதாம் நூற்றாண்டில் பெரிய கை என்று நான் கருதும் ரஷ்யர் நிகலாய் மெட்னர் (1880–1951). அவருடைய வாசிப்பை உலகத்தால் இன்றும் கேட்க முடிகிறது என்றால் அதற்குப் பணம் போனது மைசூர் அரண்மனைக் கஜானாவிலிருந்து.

மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரை நம்மவர்களில் பலர் 1964 முதல் 1966 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர் என்று நினைவு வைத்திருப்பார்கள். கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு ‘ஸ்ரீவித்யா’ முத்திரையில் கீர்த்தனைகள் எழுதிய வாக்கேயக்காரர். அவருக்குள் ஒரு பியானோ பைத்தியமும் இருந்தது. லண்டன் கில்டுஹாலின் பட்டமும், 1945ல் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கௌரவ ஃபெல்லோ பட்டமும் பெற்றவர். 1940ல், 21 வயதில் சிங்காசனம் ஏற வேண்டி வந்ததால் மேடை ஏறும் ஆசை நின்றுபோனது.

ஆசை நின்றது, காது நிற்கவில்லை. எச்எம்வி கம்பெனியின் வால்டர் லெக் மைசூருக்கு வந்து போய் எழுதியதைப் படித்தால் மலைப்பாக இருக்கும்: முப்பது வயதுகூட ஆகாத மகாராஜா, கற்பனைக்கு எட்டிய அத்தனை இசைத்தட்டுகளும் அடங்கிய நூலகம், வகைவகையான ஒலிபெருக்கிகள், பெரிய கச்சேரி பியானோக்கள் பல. மெட்னரின் இசையைப் பதிவு செய்யும் செலவு முழுவதையும் மகாராஜா ஏற்றார். லெக் தொடங்கியிருந்த ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவைத் தூக்கி நிறுத்த ஆண்டுக்கு 10,000 பவுண்டு வீதம் மூன்றாண்டுக்குக் கொடுக்கவும் சம்மதித்தார். 1950ல் லண்டனில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘நான்கு கடைசிப் பாடல்கள்’ முதன்முதலாக அரங்கேறியதற்குப் பின்னாலும் இவருடைய பணம்தான்.

அப்போது மெட்னர் லண்டனில் சிரமத்தில் இருந்தார். 1942ல் மாரடைப்பு வந்து தேறியவர். நவீன இசையோடு ஒத்துப்போக மறுத்ததால் கச்சேரிக்காரர்கள் தள்ளியே வைத்திருந்தார்கள். மைசூரின் உதவி வந்த பிறகு 1947ல் தன் மூன்று பியானோ கான்செர்ட்டோக்களையும் ஃபில்ஹார்மோனியாவுடன் தானே வாசித்துப் பதிவு செய்தார். மூன்றாவதை மகாராஜாவுக்கே சமர்ப்பித்தார். பாடல்கள், அறை இசை என்று தட்டுகள் தொடர்ந்தன.

அவர் எழுதிய பியானோ சொனாட்டாக்கள் 14. அதில் என் அலசலுக்கு எடுத்துக்கொள்வது ஓபஸ் 38இன் முதல் உருப்படி, ஏ மைனரில் அமைந்த ‘சொனாட்டா ரெமினிசென்ட்ஸா’. 1918க்கும் 1920க்கும் இடையில், ரஷ்யா உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தபோது உருவானது. அடுத்த ஆண்டு அவர் நாட்டை விட்டே கிளம்பிவிட்டார். ஒரே பகுதி, சுமார் கால் மணி நேரம். தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் ‘மறந்த மெட்டுகள்’.

கட்டமைப்பில் ஒரு தந்திரம். கிளெமென்டியும் மொசார்ட்டும் முதல் மெட்டையே திருப்பிக் கொண்டுவருவார்கள். மெட்னர் முதல் மெட்டுக்கும் முன்னால் ஒரு முன்னுரை வைக்கிறார்: அமைதியான, சீராக அசைந்துகொண்டே போகும் ஸ்வர ஓட்டம். அலெக்ரெட்டோ ட்ராங்குவில்லோ என்று குறிப்பு. பதற்றமில்லாத நடை. அந்த முன்னுரை நடுவில் ஒரு தடவை வருகிறது, கடைசியில் இன்னொரு தடவை வருகிறது. மூன்று வருகையிலும் ஏறக்குறைய அதே ஸ்வரங்கள். ஸ்தாயி மாற்றமோ சுருதிக் குறும்போ பெரிதாகக் கிடையாது. ஆகவே மாற்றம் முழுவதும் வாசிப்பவர் கையில் விடப்பட்டிருக்கிறது. கத்துக்குட்டிக்கு இதைவிட ஆபத்தான ஆடுகளம் இல்லை.

பலர் சறுக்குவது எங்கே தெரியுமா? முன்னுரை இரண்டாம் முறை வருவதற்கு முன்பே மூச்சை இழுத்து, நடையைத் தளர்த்தி, ‘இதோ ஞாபகம் வருது பாருங்கள்’ என்று அறிவிப்புப் பலகை வைத்துவிடுவார்கள். நிஜத்தில் ஞாபகம் அப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

1960களின் கடைசியில் கிலெல்ஸ் வாசித்த பதிவைக் கேளுங்கள். பிரஸ்ஸல்ஸில் ஜெயித்து முப்பது வருஷமாகிவிட்டது. இரும்புக் கை என்று பெயரெடுத்தவர். அந்தக் கையால் அவர் முன்னுரையைத் தொடங்கும்போது, அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததில் நாம் நடுவில் வந்து உட்கார்ந்ததுபோல இருக்கிறது. ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. நடுவில் திரும்பும்போது வேகத்தைத் தளர்த்தவில்லை. ஒலியின் நிறத்தைத்தான் மாற்றுகிறார். பிறகு உச்சக் கட்டத்துக்குப் போகும் கொந்தளிப்பில் வெண்கல மணி போன்ற அந்தப் பழைய கிலெல்ஸ் முழு பலத்தோடு வருகிறார். அந்தப் புயலுக்குப் பிறகு கடைசியாக முன்னுரை வரும்போது, கிட்டத்தட்ட தொடக்கத்தில் வாசித்த மாதிரியே வாசிக்கிறார். அங்கேதான் நமக்குத் தொண்டை அடைக்கிறது. அழுத்தம் எதுவும் அவர் சேர்க்கவில்லை. நடுவில் நடந்ததெல்லாம் நம் காதில் சேர்ந்துகிடக்கிறது, அவ்வளவுதான்.

நிறம் மாற்றுவது மந்திரமல்ல, இயந்திரமும் ஒத்துழைக்க வேண்டும். கிராண்ட் பியானோவில் இடது பெடலை மிதித்தால் உள்ளிருக்கும் சுத்தியல்கள் பக்கவாட்டில் சற்று நகரும். மூன்று தந்திகளை அடித்த சுத்தியல் இப்போது இரண்டைத்தான் அடிக்கும். அதுவும் கம்பளியின் தேயாத, மிருதுவான இடத்தால். அதனால் சத்தம் குறைவதோடு குரலே மாறும். பெரும்பாலான வீட்டுக் கீபோர்டுகளில் இந்த வசதி கிடையாது. சில டிஜிட்டல் பியானோக்களில் இடது பெடல் ஒலியளவைக் குறைப்பதோடு நின்றுவிடும். எங்கள் ஏரியாப் பிள்ளைகள் நிறம் மாற்றத் தெரியாமல் வேகத்தை மாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

மெட்னர் ஆட்டத்தில் இன்னொரு இந்தியத் தொடர்பு: ஆஸ்திரேலியக் கலைஞர் ஜெஃப்ரி டோசர். 1954ல் பிறந்தது நம் முசூரியில். மெட்னரின் சொனாட்டாக்களையும் கான்செர்ட்டோக்களையும் பதிவு செய்வதில் பல வருஷம் செலவிட்டவர். 2009ல் மெல்போர்னில் இறந்தார். அவருடைய வாசிப்பில் உணர்ச்சி ததும்பும். சில இடங்களில் வரம்பு மீறும். எனக்கு அந்த மீறல் பிடிக்கும், ஆனால் ‘ரெமினிசென்ட்ஸா’வுக்குப் பொருந்தாது என்பேன். கனடாவின் மார்க்-ஆந்த்ரே ஹாமலின் எதிர்த்திசை. ஒவ்வொரு குரலும் கண்ணாடி போலத் தெளிவு. உள்ளே ஒளிந்திருக்கும் துணை மெட்டுகளைக் கேட்க அவரை விட்டால் ஆளில்லை. சூடு மட்டும் கிலெல்ஸைவிட ஒரு படி குறைவு. என் தரவரிசையில் கிலெல்ஸ் முதலிடம், ஹாமலின் இரண்டாமிடம். டோசரை ஏழாமிடத்துக்குத் தள்ளமாட்டேன். பிரஸ்ஸல்ஸ் நடுவர்களின் கதி எனக்கு வேண்டாம்.

ஆனால் கிலெல்ஸ் மீதும் ஒரு குறை. அவரும் மற்றப் பலரும் இந்தச் சொனாட்டாவைத் தனியாக எடுத்து வாசித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஓபஸ் 38ல் எட்டு உருப்படிகள். சொனாட்டா முதல் உருப்படி. நடுவே பெரும்பாலும் நடனங்கள். எட்டாவதாக ‘ஆலா ரெமினிசென்ட்ஸா’. அதில் அந்த முன்னுரை மெட்டு வேறு உடையில் மறுபடி வருகிறது. அதாவது மெட்னர் கணக்குப்படி மூன்றாவது வருகையோடு கதை முடியவில்லை. முதல் உருப்படியோடு நிறுத்தினால் பாதி ஆட்டத்தில் மைதானத்தை விட்டு வெளியேறியதாகத்தான் அர்த்தம். ஹாமலின் தன் சொனாட்டாத் தொகுப்பில் எட்டையும் பதிவு செய்திருக்கிறார். அந்த ஒரு காரணத்துக்காகவே, அடுத்த முறை தரவரிசை போடும்போது அவரை முதலிடத்துக்கு நகர்த்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மகாராஜாவின் சகோதரி விஜயா தேவி பெங்களூரில் சர்வதேச இசை, கலைச் சங்கத்தை நிறுவியவர். இந்த நகரத்துக்கு மேல்நாட்டுக் கச்சேரி ஒன்றும் புதிதல்ல. இங்கே வரும் பியானோ கலைஞர்களில் யாராவது ஒருவர் ஓபஸ் 38ஐ எட்டு உருப்படியோடு முழுசாக வாசிக்கட்டும். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சில்க் போர்டு நெரிசலுக்குப் பயப்பட வேண்டாம்; மஞ்சள் வழித்தட மெட்ரோ பொம்மனஹள்ளி வாசலுக்கே வந்துவிட்டது. கீழ்த்தளத்து மிஸ்ஸையும் அவருடைய மாணவியையும் நானே கூட்டி வருகிறேன்.